பஸ் இல்லாத பயணப் படம்

அக்காவின் மகளுக்குப் பத்து வயது. பாடசாலையில் சித்திரப் பாடத்துக்கு ‘நான் சென்ற பயணம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு அம்மம்மாவைப் பார்க்க வந்த பயணத்தை அவள் வரைந்தாள். தாளின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கிடையாக ஏழு பட்டைகள். அடியில் செம்மண் நிறம். அதன் மேல் மெல்லிய சாம்பல். அதற்கு மேல் விரல் அகலத்தில் ஒரு நீலம். பிறகு இளம்பச்சை, வைக்கோல் மஞ்சள், கரும்பச்சை. உச்சியில் வெளிறிய வானம். மெழுகுக் கட்டியைப் படுக்கவைத்து இழுத்ததில் பட்டைகளின் விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன. நீலத்தை மட்டும் கட்டியின் முனையால் அழுத்தி, விளிம்பு சிதறாமல் தீட்டியிருந்தாள். இருபதுக்கு எட்டுப் புள்ளி. கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கேள்வி: “பஸ் எங்கே?”

அந்தக் கேள்வியை எழுதிய ஆசிரியர் பிள்ளையை நோகடிக்க நினைத்து எழுதவில்லை. உருவம், வாகனம், பின்னணி என்று பிரித்துப் பார்த்துப் புள்ளியிடப் பழகியவருக்குப் பட்டைகளை எப்படி அளப்பது என்று தெரிந்திருக்காது. கண்காட்சி மண்டபத்தில், உருவங்களைக் காட்டாத அரூப ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தலைப்பில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கிறது. கட்டடம் எங்கே, வீதி எங்கே, சனம் எங்கே? மஞ்சளும் சிவப்பும் நீலமும் கட்டம் கட்டமாக நிற்கின்றன, ஊரைக் காணவில்லையே? இது நேர்மையான கேள்வி. நேர்மையான பதில் ஒன்று இதற்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வன்னியில் வாழ்கிற ஒருவருக்குப் பெரிய கலைப் படிப்புத் தேவையில்லை. ஏ9 வீதியில் யன்னலோரமாக இருந்து போய் வந்திருந்தால் போதும்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று வடக்கே வரும் வழியை நினைத்துப் பாருங்கள். வீதியோரத்துக் கிலோமீற்றர் கல்லில் எழுதியிருப்பதை வாசிக்கக் கண்ணுக்கு நேரம் கிடைப்பதில்லை. வேலிக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகிவிடுகின்றன. கரையிலுள்ள கிரவல் மண் செம்பட்டையாக இழுபடுகிறது. சற்று உள்ளே இருக்கும் வயல் ஆறுதலாக நகர்கிறது. அதற்கும் அப்பால் பாலையும் முதிரையும் வீரையும் நிற்கிற காட்டின் விளிம்போ நகர்வதாகவே தெரிவதில்லை. பஸ்ஸோடு கூடவே வருகிறது. கிட்ட உள்ளது விரைவாகவும் எட்ட உள்ளது மெதுவாகவும் பின்னே போகும் என்பது கண்ணுக்கும் பொருளுக்கும் இடையிலான கோணத்தின் கணக்கு. அந்தக் கணக்கு உலகத்தைப் பட்டை பட்டையாக அரிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை அதை அப்படியே தாளில் இறக்கியிருக்கிறாள். பஸ்ஸுக்குள் இருப்பவர் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. பஸ் எங்கே என்று கேட்டால், படத்தைப் பார்க்கிறவர் அதற்குள்தான் இருக்கிறார்.

ஓவியர்கள் இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ரயில் புதுமையாக இருந்த காலத்தில், 1844 இல், ஆங்கில ஓவியர் டேர்னர் மழைக்குள் பாலம் கடந்து பாய்ந்து வரும் ரயில் ஒன்றை வரைந்தார். புகையும் மழையும் ஒளியும் குழைந்து கிடக்கும் அந்தப் படத்தில் எஞ்சினின் முகம் மட்டும் கறுப்பாகத் தெரியும். தண்டவாளத்தில் அதற்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது. உற்றுப் பார்த்தால்தான் அதைக் காணலாம். அங்கே ரயில் இன்னமும் படத்துக்குள் இருந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 1913 இல், பாரிஸில் வாழ்ந்த சோனியா டெலோனே சைபீரிய ரயில் பயணத்தைச் சொல்லும் நெடுங்கவிதை ஒன்றுக்கு இரண்டு மீற்றர் நீளத்தில் துணை ஓவியம் செய்தார். மேலிருந்து கீழாக வளைவும் வட்டமுமாக நிறங்கள் உருண்டு வருகின்றன. ரயில் பெட்டி ஒன்றுகூட இல்லை. கடைசியில், பயணம் பாரிஸ் வந்து சேரும் இடத்தில், ஈபிள் கோபுரம் மட்டும் சின்னதாகச் சிவந்து நிற்கிறது. சோனியா உக்ரேனில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்தவர். 1911 இல் தம் குழந்தைக்காகத் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வையே நிறங்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வழியைத் தமக்குத் திறந்துவிட்டது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பழைய சேலைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தியாக இருக்காது.

நகரத்தை நிறமாக்கியவர்களில் நான் அதிகம் பேச விரும்புவது பியற் மொண்ட்ரியனைப் பற்றி. 1872 இல் நெதர்லாந்தில் பிறந்தவர். இளமையில் காற்றாலைகளும் மணற்குன்றுகளும் மரங்களும் வரைந்தார். அரூபம் வரைகிறவர்களுக்கு உருவம் வரைய வராது என்று சொல்கிறவர்கள் அவருடைய ஆரம்பகால மரங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். (நம் பக்கத்தில் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலத்தையும் பார்க்கலாம்: காந்தியைக் கோட்டோவியங்களில் அத்தனை உயிரோடு தீட்டிய அதே கைதான் பின்னாளில் உருவமே இல்லாத பெரும் வர்ணப் பரப்புகளைச் செய்தது.) மரக்கிளைகளைத் திரும்பத் திரும்ப வரைந்து, அவை வெறும் கோடுகளாகும் வரை போன மொண்ட்ரியன், பாரிஸில் வாழ்ந்த காலத்தில் தம் பாணியைக் கண்டடைந்தார்: வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள், அவற்றுக்கிடையே சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று 1937 இல் இழிவுபடுத்திக் காட்சிக்கு வைத்த படைப்புகளில் அவருடையவையும் இருந்தன. யுத்தம் வரும் என்று உணர்ந்து 1938 இல் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போனார். லண்டனில் குண்டுகள் விழத் தொடங்கியதும் 1940 இல் கப்பலேறி நியூயோர்க்குக்குப் போனார். அப்போது அவருக்கு 68 வயது. யுத்தத்துக்குத் தப்பி இரண்டு தடவை இடம்பெயர்ந்த ஒரு முதியவர். இந்த விவரம் இல்லாமல் அவருடைய கடைசிக் காலப் படங்களைப் பார்ப்பது எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

நியூயோர்க்கில் அவர் இருபது வருடமாக விடாமல் பிடித்திருந்த கறுப்புக் கோட்டைக் கைவிட்டார். ‘புரோட்வே பூகி-வூகி’ என்று பெயரிட்ட படத்தை 1942, 1943 ஆம் ஆண்டுகளில் வரைந்தார். 127 சென்ரிமீற்றர் சதுரம். ஒரு ஆள் கைகளை விரித்தால் அடக்கிவிடக்கூடிய அளவு. கோடுகளெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் சின்னச் சின்னச் சதுரங்களாகச் சிவப்பும் நீலமும் வெளிர்சாம்பலும். அவை சம இடைவெளியில் வருவதில்லை. இரண்டு நெருங்கி வரும், பிறகு ஒரு நீண்ட மஞ்சள், பிறகு மூன்று சேர்ந்து வரும். கோடுகள் சந்திக்கும் முனைகளில் நிறம் மாறுகிறது. அந்த இடங்களில் கண் ஒரு கணம் நின்று, பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாறுகிறது. வீதிச் சந்தியில் சைகை விளக்கு மாறும்போது கால் தயங்குவதைப் போல. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் படம் சிமிட்டத் தொடங்கும்.

இதிலே பலர் கவனிக்காமல் போகும் விடயம் ஒன்று உண்டு. மன்ஹற்றன் தீவின் வீதிகளைச் சதுரங்கப் பலகைபோல் வகுத்தது 1811 ஆம் ஆண்டுத் திட்டம். அந்தக் கட்டங்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் வீதிதான் புரோட்வே; ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான தடம் அது. படத்துக்குப் பெயரோ புரோட்வே; படத்தில் ஒரு சாய்கோடுகூட இல்லை. தம் பாணியைக் கண்டடைந்த பிறகு சாய்கோட்டை மொண்ட்ரியன் ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியூயோர்க்கில் ஒரு தெருவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அவர் எடுத்தது அந்த நகரத்தின் தாளத்தை. பூகி-வூகி என்பது அவர் மிக விரும்பிக் கேட்ட பியானோ இசைவகை. இடது கை ஒரே அடியை விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டும். வலது கை அந்த அடிக்கு மேலே முறித்தும் முந்தியும் பிந்தியும் விளையாடும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தளம் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்க, ஆட்டக்காரரின் கால் அதற்குள் இடம் பார்த்து வெட்டி விழும். படத்தில் மஞ்சள் கோடு மத்தளம். சிவப்பும் நீலமும் அந்தக் கால்கள்.

இந்தப் படங்களை அவர் ஒரே மூச்சில் தீட்டவில்லை. நிறத்தாள் நாடாக்களை வாங்கி, கன்வஸில் ஒட்டிப் பார்ப்பார். இழுத்து எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவார். நாட்கணக்காக நகர்த்தி, இனி நகர்த்த ஒன்றுமில்லை என்ற இடத்தில்தான் தூரிகையைத் தொட்டார். அடுத்த பெரிய படத்தை முடிக்குமுன்பே 1944 பெப்ரவரியில் நியுமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். அந்தப் படம், ஒட்டிய நாடாக்கள் அப்படியே இருக்க, நெதர்லாந்தின் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘இதை யாரும் வரையலாம்’ என்று சொல்கிறவர்களிடம் அந்த நாடாக்களைத்தான் காட்ட வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். அரூப ஓவியத்தில் உருவம் செய்யும் வேலையை நிறம் செய்ய வேண்டியிருக்கிறது. அது எப்படி முடிகிறது என்பதற்கு ஒரு நெசவாலையில் விடை கிடைத்தது. பாரிஸின் கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதிக்கு 1824 இல் பொறுப்பேற்றவர் செவ்ரல் என்ற இரசாயனவியலாளர். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அங்கே முறைப்பாடு வந்தது. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் பிழையில்லை. பிழை பக்கத்தில் இருந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்த கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. இரண்டு நிறங்கள் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்பதை ஆராய்ந்து 1839 இல் வெளியிட்டார். சோனியாவும் அவருடைய கணவர் றொபேட் டெலோனேயும் பாரிஸ் நகரத்தை நிறத்தாலேயே கட்டியெழுப்பத் துணிந்ததற்கு அடித்தளம் இதுதான்.

இதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. மார்கழி மழை விட்ட மறுநாள் வயலுக்குள் போகும் கிரவல் ஒழுங்கையில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் காலபோக நெல் முழங்கால் உயரம். அந்தப் பச்சைக்கு நடுவே மண் நெருப்பாகத் தெரியும். அதே ஒழுங்கைக்கு ஆவணியில் வாருங்கள். புல் காய்ந்து வெளிறி, அருவி வெட்டிய தாள் மட்டும் நிற்கும்போது அதே மண் வெறும் தவிட்டு நிறம். நனைந்த மண் கொஞ்சம் கருமை கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் அந்த நெருப்பை மூட்டியது பச்சை. நல்ல நகர ஓவியத்தில் ஒரு சிவப்புக் கட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் அந்தக் கட்டத்துக்குள் இருக்காது. அதைச் சுற்றியிருக்கும் நாலு நிறங்களில் இருக்கும்.

ஓவியர் போல் கிளே இதைப் படித்தறிந்ததைவிடப் பயணத்தில் அறிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1914 ஏப்ரலில் ஓகுஸ்ற் மக்கே, லூயி முவாலியே என்ற இரண்டு ஓவிய நண்பர்களோடு துனீசியாவுக்குப் போனார். மொத்தமே இரண்டு வாரம் அளவு. துனிஸ், ஹம்மாமெற், கடைசியாகக் கைரவான். அதுவரை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோட்டுவேலை செய்துவந்தவர். கைரவானின் வெண்சுவர்களும் கவிகைமாடங்களும் அந்தி வெளிச்சமும் அவரைப் பிடித்துக்கொண்டன. நிறத்தைத் தாம் இனித் துரத்த வேண்டியதில்லை, அதுவே தம்மைப் பற்றிக்கொண்டது என்ற பொருள்பட அன்று நாட்குறிப்பில் எழுதினார். அந்தப் பயணத்தின் நீர்வர்ணப் படங்களில் நகரம் ஒழுங்கற்ற சதுரங்களாகப் பிரிகிறது. இளஞ்சிவப்பு, மணல் மஞ்சள், கழுவிய நீலம். அங்கங்கே ஒரு கவிகைமாடம், ஒரு ஒட்டகம், இவை மட்டும் அடையாளத்துக்கு. கூடப் போன மக்கே அதே ஆண்டு செப்டெம்பரில் முதலாம் உலக யுத்தக் களத்தில் இறந்தார். வயது 27. அந்த இரண்டு வாரத்து வெளிச்சத்தைக் கிளே தம் வாழ்நாள் முழுவதும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

கிளேயின் சதுரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து அணைக்கட்டு நினைவுக்கு வருகிறது. கட்டின் மேல் நின்று அலைகரைப் பக்கம் பார்த்தால் தண்ணீர் ஒரே தகடு. மறுபக்கம் திரும்பி, துருசு வழியாக வாய்க்காலில் இறங்கும் தண்ணீர் போகிற திசையைப் பார்த்தால், தை மாதத்தில் வயல்வெளி ஒரே நிறத்தில் இருப்பதில்லை. விதைத்த நாள் வேறு, நெல்லினம் வேறு, தண்ணீர் போய்ச் சேர்ந்த முறை வேறு. ஒரு பாத்தி பச்சை. பக்கத்துப் பாத்தி கதிர் சாய்ந்து பொன். அதற்கடுத்தது வெட்டி முடிந்து சேற்று நிறம். ஒவ்வொன்றையும் வரம்பு ஒரு கோடாகப் பிரிக்கிறது. அந்தக் கோடு ஒருபோதும் நேராக இருப்பதில்லை. கமக்காரர் ஒருவர் அந்தப் பரப்பைப் பார்த்து, யார் பிந்தி விதைத்தார், எங்கே தண்ணீர் குறைந்தது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவரிடம் அரூப ஓவியம் புரியாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் நாள்தோறும் வாசிப்பது அதைத்தான்.

உயரத்திலிருந்து பார்ப்பது இன்னொன்றையும் செய்கிறது: தொடுவானத்தை எடுத்துவிடுகிறது. தொடுவானம் போனவுடன் மேல், கீழ், கிட்ட, எட்ட என்ற ஒழுங்கு குலைந்து, நிலம் சுவரில் தொங்கும் துணிபோல் எழுந்து நிற்கிறது. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கோர்ன் 1951 இல் தாழப் பறந்த விமானத்திலிருந்து பாலைநிலத்தைப் பார்த்தது அவருடைய படங்களின் போக்கையே மாற்றியது. பிற்காலத்தில் கலிபோர்னியக் கடலோர நகர்ப்பகுதி ஒன்றின் பெயரில் 1967 முதல் இருபது ஆண்டுகளாக நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். வெளிறிய நீலமும் பச்சையும் மஞ்சளும். அழித்த கோடுகளின் தடம் வர்ணத்துக்கு அடியில் அப்படியே தெரியும். முதலில் எங்கே கோடு போட்டார், எங்கே மனம் மாறினார் என்பதை மறைக்க அவர் விரும்பவில்லை.

இதுவரை சொன்னவர்களில் பெரும்பாலோர் விரும்பிப் பயணம் செய்தவர்கள். வன்னியில் இந்தச் சொல்லைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்களுக்குப் பயணம் என்பது ஒன்று, இடப்பெயர்வு என்பது இன்னொன்று. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனத்தில் பெருந்தொகையினர் பின்னர் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தார்கள். 2008 இன் கடைசி மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்த வழி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அதற்குப் பிறகு செட்டிகுளத்து முகாம்கள். 1990 இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த ஒரு முழுத் தலைமுறை ரயிலைப் படத்தில் மட்டும் கண்டது. யன்னலோரப் பயணி பார்க்கும் பட்டைகள் இடம்பெயர்ந்து நடப்பவரின் கண்ணில் இருப்பதில்லை. முன்னால் போகிறவரின் முதுகு, சைக்கிளில் கட்டிய பானை, காலடி மண். இவைதான் தெரியும்.

அந்த வகை நகர்வை அரூபமாக வரைய முடியுமா? முடியும் என்பதற்கு ஜூலி மெரெட்டுவின் படங்கள் சாட்சி. 1970 இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். நாட்டில் ஏற்பட்ட கொந்தளிப்பால் 1977 இல் அவருடைய குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. அவர் நகரங்களின் கட்டட வரைபடங்களை, விமான நிலையங்களின், விளையாட்டரங்குகளின் கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தெளிவான படலங்களில் வரைகிறார். அதன் மேல் நூற்றுக்கணக்கான சிறு குறிகள், சிதறும் நிறத் துண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு திருவிழா. கிட்டப் போனால் கூட்டம் ஒன்று கலைந்து ஓடுவதுபோல் இருக்கும். எந்த நகரம் என்று சொல்ல முடியாது. பல நகரங்களின் இடிபாடு ஒரே இடத்தில் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் வேறொரு வழியை எடுத்தார். இடம்பெயர்ந்தவர்களிடம், அவர்கள் விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அளவுகோல் இல்லை, கட்டடக் கலைப் பயிற்சி இல்லை. அறை, விறாந்தை, கிணறு, மாமரம் என்று கை நடுங்கப் போட்ட கோடுகள். அவற்றைக் கட்டடக் கலைஞரின் திருத்தமான வரைபடங்களோடும் தம் சொந்த ஓவியங்களோடும் சேர்த்து 2011 இல் வெளியிட்டார். ஒரு பெட்டியும் இரண்டு கோடுமாக இருக்கும் படத்துக்குள் ஒருவருடைய முழு வாழ்க்கையும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே நான் ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னியிலிருந்து ஒருவர் வரைந்தால் அது கறுப்பிலும் சாம்பலிலும் இரத்தச் சிவப்பிலும் இருக்க வேண்டும் என்று வெளியே ஓர் எதிர்பார்ப்பு உருவாகிவிட்டது. முள்வேலி, வெறுங்கை, அழும் தாய். அந்தப் படங்கள் வரையப்பட வேண்டியவைதான். வரைந்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அதே மண்ணில் பிறந்த பிள்ளை மஞ்சளையும் பச்சையையும் எடுத்தால் ‘பட்டதை மறந்துவிட்டாயா’ என்று கேட்பது கொடுமை. நாஜிகளிடம் தப்பிய மொண்ட்ரியன் நியூயோர்க்கில் கறுப்பைக் கைவிட்டு மஞ்சளை எடுத்தபோது ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை மறந்திருந்தார் என்று யார் சொல்வார்கள்? இந்திய ஓவியர் சையத் ஹைதர் ரஸா மத்திய பிரதேசத்துக் காட்டுக் கிராமமொன்றில் 1922 இல் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் அவருடைய உறவினர்கள் பாகிஸ்தானுக்குப் போக, அவர் இந்தியாவில் தங்கினார். 1950 இல் பிரான்ஸுக்குப் போனார். முதலில் அந்த நாட்டு ஊர்களையும் வீடுகளையும் வரைந்தார். வீடுகள் மெல்ல மெல்லக் கரைந்து, அடியிலிருந்து எழுந்து வந்தவை அவர் பிறந்த காட்டின் செங்காவியும் இருளும் வெயிலும். அறுபது ஆண்டளவு பிரான்ஸில் வாழ்ந்தும் அந்த நிறங்கள் போகவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளின் வர்ணத் தட்டில் எந்த மண் இருக்கிறது என்பதை அவர்கள் வரைந்தால்தான் நாம் அறியலாம்.

எல்லா வண்ணமயமான நகர ஓவியமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. தங்குவிடுதி வரவேற்பறையில், சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தொங்கும் படங்களும் இருக்கின்றன. கீழே ஏதோவொரு நகரத்தின் பெயரை எழுதிவிட்டால் போதும் என்று நினைத்துச் செய்தவை. வேறுபாட்டைக் காண எனக்குத் தெரிந்த எளிய வழி கட்டைவிரல். படத்திலுள்ள ஒரு சிறிய நிறத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள நிறங்கள் துவண்டுபோனால் அது அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்றும் நடக்காவிட்டால் அது சும்மா கிடந்தது. விளிம்புகளையும் பார்க்க வேண்டும். ஒரு நிறம் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் ஓவியர் நாடா ஒட்டி வெட்டினாற்போல் பிரித்தாரா, கத்தியால் சுரண்டி அடியிலிருந்த பழைய நிறத்தை வெளியே வரவிட்டாரா, ஈரத்தோடு ஈரமாகக் குழையவிட்டாரா? பயணத்தின் வேகம் எழுதப்படுவது அங்கேதான். குழைந்த விளிம்பில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டிய விளிம்பில் ஆள் இறங்கி நின்று பார்த்திருக்கிறார். படத்தின் தலைப்பைக் கடைசியாக வாசியுங்கள். முதலில் வாசித்தால் கண் கட்டடம் தேடப் போய்விடும்.

அந்த ஏழு பட்டைப் படத்தை அக்கா கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தாள். “தம்பி, நீ ஒருக்கால் பார்த்துச் சொல், பிள்ளை சரியாகத்தான் வரைந்திருக்கிறாளா?” என்று என்னிடம் நீட்டினாள். மேலே சொன்னவற்றில் பாதியை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா தாளை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செம்மண்ணைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார். நீலப் பட்டைக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்தார். புதுக்குடியிருப்பு வரை போய்ச் சேர்வதற்குள் எத்தனை இடத்தில் கட்டி, எத்தனை இடத்தில் அவிழ்த்த தறப்பாள்.

“இது தறப்பாள்தானே, பிள்ளை?” என்றார்.

“ஓம் அம்மம்மா, முறிகண்டியில் கச்சான் கடைக்கு மேலே கட்டியிருந்தது,” என்றாள் சின்னவள். “பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க பஸ்ஸை அங்கேதான் நிறுத்தினார்கள். அதனால்தான் அதை மட்டும் அழுத்திப் போட்டேன்.”